மழைக்கு முன்னால் வரும் காற்று: வாசகர் கேள்வி பதில்

இடிமழையை முன்கூட்டிச் சொல்வது, அதோடு வரும் பலத்த காற்றுக்குத் தயாராவது ஆகியவை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: காலையில் ‘இடியுடன் மழைக்கு வாய்ப்பு’ என்றார்கள். எங்கள் தெருவில் ஒரு துளி விழவில்லை. எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. இதை எப்படி முன்னறிவிப்பு என்று ஏற்பது?

பதில்: அந்த முன்னறிவிப்பு சரியாகத்தான் பலித்திருக்கிறது. ஒரு தனி இடிமேகத்தின் அகலம் பெரும்பாலும் 5 முதல் 15 கி.மீ. ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். உலகம் முழுவதையும் கணக்கிடும் கணினி மாதிரிகள் வளிமண்டலத்தைப் பெரும்பாலும் 9 முதல் 13 கி.மீ. அகலக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கின்றன. அந்தக் கண்ணில் உங்கள் இடிமேகம் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். 3 கி.மீ. கட்டம் கொண்ட மாதிரிகள் மேகத்தின் வடிவத்தை நன்றாகவே காட்டும். ஆனால் எந்தத் தெரு, எத்தனை மணி என்பதில் அவையும் தவறும்.

முந்தின நாளில் வானிலையாளர் பார்ப்பது, இடிமழைக்கு வேண்டியவை எந்தப் பகுதியில் ஒன்றுசேர்கின்றன என்பதைத்தான். தரையோரக் காற்றில் ஈரப்பதம், கீழே வெப்பமும் மேலே குளிருமான நிலையற்ற அடுக்கு, காற்றை மேலே தள்ளிவிட ஒரு தூண்டுதல் ஆகிய மூன்றும் வேண்டும். தூண்டுதல் கடற்காற்றின் முகப்பாக இருக்கலாம், மலைச்சரிவாக இருக்கலாம், முந்தைய இடிமழை விட்டுச்சென்ற குளிர்காற்றாகவும் இருக்கலாம். உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவதை விண்ட் ஷியர் என்பார்கள். அதுவும் சேர்ந்துகொண்டால் மேகங்கள் அணிவகுத்து, மணிக்கணக்கில் நிலைத்து, பலத்த காற்றை வீசும்.

ஆகவே முந்தின நாள் அறிவிப்பு மாவட்டத்துக்கானது. சில மணி நேரம் முன்னால் வருவது அதில் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். ஊரைச் சொல்வது கடைசி ஒரு மணி நேரத்து ரேடார் எச்சரிக்கை மட்டுமே. புயல் சின்னத்துக்குப் பல நாள் அவகாசம் கிடைக்கும், இடிமழைக்குக் கிடைப்பது நிமிடங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாடுதான் அடிப்படை.

கேள்வி: ‘கடும் இடிமழை’ என்பதற்கு அளவுகோல் உண்டா? என் கைபேசிச் செயலி அன்று 15 கி.மீ. வேகக் காற்று என்றுதான் காட்டியது.

பதில்: நாட்டுக்கு நாடு சற்று மாறும். அமெரிக்காவில் காற்று மணிக்கு 93 கி.மீ.யைத் தொட வேண்டும், அல்லது 2.5 செ.மீ. ஆலங்கட்டி விழ வேண்டும். ஆஸ்திரேலியாவில் 90 கி.மீ. காற்று, 2 செ.மீ. ஆலங்கட்டி. மின்னல் எத்தனை வெட்டினாலும் இந்தக் கணக்கில் சேராது. அளவுகோலுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 60 கி.மீ.யைத் தாண்டினாலே சிறு கிளைகள் முறியும், கட்டாத பொருள்கள் பறக்கும்.

செயலி காட்டிய 15 கி.மீ. சராசரி வேகம். பொதுவாக 10 நிமிடச் சராசரியைத்தான் காற்றின் வேகம் என்று தருவார்கள். சேதம் செய்வதோ மூன்று விநாடி நீடிக்கும் திடீர் வீச்சு. இடிமழை நேரத்தில் வீச்சு சராசரியைப் போல இரண்டு மடங்கைத் தாண்டுவது சாதாரணம். செயலியில் வீச்சு வேகத்துக்குத் தனி வரிசை இருந்தால் அதைப் பாருங்கள். அதுவும் சிறு பொழுது வரும் இடிக்காற்றைத் தவறவிடும். ‘இடிமழை’ என்று அறிவிப்பு இருந்தால், காற்று எண் குறைவாக இருப்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

கேள்வி: வானிலைத் தளங்களில் கேப் என்று ஒரு எண் போடுகிறார்கள். 3000 இருந்தால் சூறைக்காற்று நிச்சயமா?

பதில்: நிச்சயமில்லை. மேலெழும் காற்றுக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றலை ஒரு கிலோ காற்றுக்கு இத்தனை ஜூல் என்று சொல்வதுதான் கேப். 1000 வரை சுமார், 2500க்கு மேல் வலுவானது, 4000க்கு மேல் மிகக் கடுமை. இந்த எண்ணை இரட்டித்து வர்க்கமூலம் எடுத்தால், மேகத்துக்குள் காற்று மேலேறக்கூடிய உச்ச வேகம் மீட்டர்/விநாடியில் கிடைக்கும். 2500க்கு ஏறத்தாழ 70. சுற்றிலும் உள்ள வறண்ட காற்று கலப்பதாலும் மழைநீரின் எடையாலும் நடைமுறையில் அதில் பாதிதான் தேறும்.

ஆனால் இது கையிருப்பு மட்டுமே. தரைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் மேலே வெப்பமான அடுக்கு மூடிபோலக் கிடந்தால் கேப் 4000 இருந்தும் நாள் முழுக்க வெயில் காயும். அந்தத் தடையைத் தனி எண்ணாகப் போட்டிருப்பார்கள், ‘சின்’ என்று பெயர். அது 100 ஜூலைத் தாண்டினால் வலுவான தூண்டுதல் இல்லாமல் மேகம் உடைத்துக்கொண்டு எழாது.

காற்றுக்காகப் பார்ப்பதானால் இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, தரைக்கும் 6 கி.மீ. உயரத்துக்கும் இடையே காற்றில் உள்ள வேறுபாடு. விநாடிக்கு 10 மீட்டருக்குக் கீழே இருந்தால் மேகங்கள் தனித்தனியாக எழுந்து அடங்கும். 20ஐத் தாண்டினால் சுழலும் பெருமேகங்களும் வில்போல வளைந்த மேக வரிசைகளும் உருவாக வழி உண்டு. இரண்டாவது, கீழிறங்கும் காற்றின் ஆற்றலைக் காட்டும் ‘டிகேப்’. அது 1000ஐ நெருங்கினால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஒரு நடைமுறை யோசனை. கேப் கணக்கு தரையோர ஈரப்பதத்தை நம்பி நிற்கிறது. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்குமோ அதுதான் பனிப்புள்ளி. அது ஒரு டிகிரி மாறினால் கேப் பல நூறு ஜூல் மாறும். நண்பகலில் அருகிலுள்ள விமான நிலையத்தின் பனிப்புள்ளியை எடுத்து, மாதிரி சொன்னதோடு ஒப்பிடுங்கள். மாதிரி 25 டிகிரி என்று சொல்லி, உண்மையில் 22 மட்டுமே இருந்தால் அன்றைய கேப் எண்ணை நம்ப வேண்டாம். அதற்காகக் காற்று ஆபத்தும் குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: மழை என்னவோ தூறல்தான். ஆனால் காற்று பேயாய் அடித்து, ஐந்து நிமிடத்தில் கூரையைப் பெயர்த்துவிட்டது. மழையே இல்லாமல் இவ்வளவு காற்று எங்கிருந்து வந்தது?

பதில்: மழை தரைக்கு வராததுதான் காரணம். மேகத்திலிருந்து விழும் நீர், வழியில் வறண்ட காற்றில் ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான வெப்பத்தை அந்தக் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் நீர் ஆவியானால் அந்தக் காற்று ஏறத்தாழ 2.5 டிகிரி குளிரும். குளிர்ந்த காற்று கனத்துச் சரிகிறது. சரியச் சரிய மேலும் நீர் ஆவியாகி மேலும் குளிர்கிறது. தரையைத் தொட்டதும் போக இடமின்றி, கவிழ்த்த குடத்து நீர் தரையில் பரவுவதுபோல நாலாபக்கமும் சீறிப் பாய்கிறது. டவுன்பர்ஸ்ட் என்பது இதுதான். பரப்பு 4 கி.மீ.க்குள் இருந்தால் மைக்ரோபர்ஸ்ட். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

எந்த நாளில் இது நடக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். தரை வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியைக் கழித்து 125ஆல் பெருக்குங்கள். மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். 38 டிகிரி வெப்பம், 18 டிகிரி பனிப்புள்ளி என்றால் 2,500 மீட்டர். அத்தனை ஆழத்துக்கு வறண்ட காற்றைக் கடந்துதான் மழை வர வேண்டும். அப்படிப்பட்ட நாளில், மேகத்தின் அடியில் சாம்பல் நிறத் திரை தொங்கி, தரைக்கு வராமல் பாதியில் கரைவதைக் கண்டால், அதன் நேர்கீழே தரையில் புழுதி வளையமாகக் கிளம்புகிறதா என்று பாருங்கள். கிளம்பினால் காற்று இறங்கிவிட்டது.

ஈரமான நாளிலும் டவுன்பர்ஸ்ட் உண்டு. அப்போது கனமழையின் எடையே காற்றைக் கீழே இழுத்து வரும்.

டவுன்பர்ஸ்டை இனம்கண்டவர் வானிலை ஆய்வாளர் டெட்சுயா ஃபுஜிட்டா. 1975 ஜூன் 24 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்கும்போது ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று நொறுங்கியது. அந்த விபத்தை ஆராய்ந்துதான் அவர் இந்த முடிவுக்கு வந்தார். அப்போது பலர் ஏற்கவில்லை. 1978இல், காற்றின் வேகத்தையும் அளக்கும் டாப்ளர் ரேடார்கள் அதை நேரடியாகப் பதிவுசெய்தன. 1983 ஆகஸ்ட் 1 அன்று வாஷிங்டன் அருகே ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் ஒரு மைக்ரோபர்ஸ்ட் மணிக்கு ஏறத்தாழ 240 கி.மீ. வேகத்தில் வீசியது. அமெரிக்க அதிபர் ரீகன் வந்த விமானம் அதற்குச் சில நிமிடங்கள் முன்னால்தான் அங்கே இறங்கியிருந்தது.

கேள்வி: ரேடார் படத்தை வைத்து எங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று நாமே கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். முதலில் படத்தின் மூலையில் அச்சாகியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். அது உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

மேகக்கூட்டத்தின் நடுவை விட்டுவிட்டு, உங்களை நோக்கி வரும் முன்விளிம்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 4.10 மணிப் படத்தில் அது 60 கி.மீ. தொலைவிலும், 4.30 படத்தில் 42 கி.மீ. தொலைவிலும் இருக்கிறது என்று வைப்போம். 20 நிமிடத்தில் 18 கி.மீ., அதாவது மணிக்கு 54 கி.மீ. மீதி 42 கி.மீ.க்கு 47 நிமிடம் ஆகும். அந்தப் படம் உங்கள் கைக்கு வந்தபோது மணி 4.40 என்றால் பத்து நிமிடம் ஏற்கெனவே போய்விட்டது. இருப்பது 37. காற்று மழையைவிடப் பத்து நிமிடமாவது முந்தி வரும் என்று வைத்துக்கொண்டு 25 நிமிடத்துக்குள் வேலையை முடியுங்கள்.

படத்தில் கவனிக்க இன்னும் சில உண்டு. மேக வரிசையின் நடுப்பகுதி வில்லாக முன்னால் பிதுங்கியிருந்தால் பின்னாலிருந்து வேகமான காற்று அதைத் தள்ளுகிறது. பிதுங்கிய முனைக்கு நேர் எதிரே இருப்பவர்களுக்கே அதிக சேதம். மழைப்பகுதிக்கு முன்னால் மெல்லிய கோடு ஒன்று நகர்ந்தால், அது மேகத்தை விட்டு முந்தி ஓடும் குளிர்காற்றின் முகப்பு. ரேடார் அலை எவ்வளவு வலுவாகத் திரும்பி வருகிறது என்பதன் அலகு டிபிஇசட். 50 டிபிஇசட்டுக்கு மேலான அடர் நிறம் பலத்த மழையையோ ஆலங்கட்டியையோ குறிக்கும், காற்றின் வேகத்தை நேராகச் சொல்லாது.

ரேடாருக்குத் தெரியாத இடமும் உண்டு. அரை டிகிரி சாய்வில் போகும் ரேடார் கற்றை 100 கி.மீ. தொலைவில் தரைக்கு ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ. தொலைவில் 4 கி.மீ. உயரத்திலும் பறக்கிறது. தரையோரக் காற்று அதற்கு அடியில் தப்பிப் போய்விடும். ரேடார் நிலையத்திலிருந்து வெகுதூரத்தில் இருப்பவர்கள், படத்தில் அந்தக் கோடு தெரியாததை வைத்துக் காற்று இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

கேள்வி: இணையமே இல்லாத வயல்வெளியில் என்ன செய்வது?

பதில்: இடிச்சத்தம் கேட்டாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடி என்றால் 10 கி.மீ., அந்த இடைவெளிக்குள் வந்துவிட்டால் கட்டடத்துக்குள்ளோ உலோகக் கூரையுள்ள வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

காற்றுக்கான அடையாளம் வேறு. அதுவரை மேகத்தை நோக்கி வீசிய வெதுவெதுப்பான காற்று திடீரென்று நின்று, அடிவானத்தில் தாழ்வாக, கருத்த படிக்கட்டுபோல நீண்ட மேகம் தெரிந்தால் அதன் அடியில்தான் காற்று முகப்பு வருகிறது. முகத்தில் குளிர்ச்சி பட்ட பிறகு உங்களுக்கு ஒரு நிமிடம்கூட இல்லாமல் போகலாம்.

கேள்வி: தகரக் கூரை மேல் கற்களும் மணல் மூட்டைகளும் வைத்திருக்கிறோம். போதுமா?

பதில்: போதாது, அவற்றை இறக்கிவிடுங்கள். கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். காற்றின் வேகத்தை மீட்டர்/விநாடியாக மாற்றி, வர்க்கப்படுத்தி, 0.613ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். 60 கி.மீ. வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமம். 90 கி.மீ.யில் 39 கிலோ. 120 கி.மீ.யில் 69 கிலோ. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு.

இந்தக் காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சுவதுதான் அதிகம். ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சும் விசை மேற்சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு வரை போகும். 90 கி.மீ. காற்றில் மூலையில் இருக்கும் 3 மீட்டர் நீள, 1 மீட்டர் அகல ஷீட்டை 230 கிலோ தூக்குகிறது. அரை மில்லிமீட்டர் ஷீட்டின் எடையோ மொத்தமே 14 கிலோவுக்குள். மூட்டைகளால் அதைச் சமாளிக்க முடியாது, கற்கள் உருண்டு ஆட்கள் மேல் விழும்.

கூரையைப் பிடித்துவைப்பது ஸ்க்ரூ. சாதாரண ஆணி ஒவ்வொரு வீச்சுக்கும் மயிரிழை மயிரிழையாக மேலே வரும். ஒருநாள் சிறிய காற்றுக்கே கழன்றுவிடும். மரச்சட்டமானால் ஸ்க்ரூ நல்ல மரத்துக்குள் 35 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். நடுப்பகுதியில் ஒன்றுவிட்டு ஒரு மடிப்பு முகட்டில் போட்டால் போதும். ஆனால் தாழ்வாரத்து ஓரம், கூரை உச்சி, பக்க ஓரங்கள் ஆகிய இடங்களில் ஒவ்வொரு முகட்டிலும் போட வேண்டும். ஓரத்துச் சட்டங்களின் இடைவெளியை நடுவைவிடக் குறைத்து வையுங்கள்.

ஸ்க்ரூ பிடித்துக்கொண்டு ஷீட் மட்டும் அதன் தலையைச் சுற்றிக் கிழிந்து பறப்பதும் உண்டு. அகலமான உலோக வாஷர் அதைத் தடுக்கும். அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருந்தால் மாற்றுங்கள். மடிப்பு நசுங்கும் அளவுக்கு முறுக்காதீர்கள், நசுங்கிய இடத்தில்தான் முதல் கிழிசல் தொடங்கும்.

ஷீட்டைக் கெட்டியாகப் பிடித்தால் விசை குறுக்குச் சட்டத்துக்குப் போகும், அங்கிருந்து கைமரத்துக்கு, பிறகு சுவருக்கு. ஒவ்வொரு இணைப்பையும் உலோகப் பட்டை அல்லது போல்ட்டால் பிணைக்க வேண்டும். சுவரின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும் கூரை, ஷீட்டும் சட்டமும் சேர்ந்து முழுசாகவே எழும். தாழ்வாரம் அரை மீட்டருக்கு மேல் நீள வேண்டாம். வராந்தாக் கூரையைத் தனியாக அமைத்தால், அது போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

இவை எல்லாம் இடிமழைக் காலத்துக்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள். எச்சரிக்கை வந்த பிறகு யாரும் கூரை மேல் ஏறக் கூடாது.

கேள்வி: எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்தால் உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகி வீடு தப்பும் என்கிறார்களே?

பதில்: தவறு. திறந்த ஜன்னல் வழியே நுழையும் காற்று கூரையை உள்ளிருந்து தள்ளும், வெளியே உறிஞ்சும் விசை அதோடு சேர்ந்துகொள்ளும். எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் தாழிடுங்கள். கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவதாலும் பலனில்லை, உடையும்போது பெரிய துண்டுகளாக விழும்.

கேள்வி: திறந்தவெளியில் 500 பேர் கூடும் நிகழ்ச்சி நடத்துகிறோம். 3 மீட்டர் சதுரக் கூடாரங்கள், காலுக்கு ஒரு 20 கிலோ மூட்டை. எப்போது நிறுத்துவது?

பதில்: 60 கி.மீ. காற்றில் ஒரு கூடாரத்தின் 9 சதுர மீட்டர் துணியைக் காற்று 150 கிலோ அளவுக்கு இழுக்கும். உங்களிடம் உள்ளது 80 கிலோ. எனவே கூடாரத்தை அடைக்கலமாக எண்ணாதீர்கள். துணியை இறக்குவதுதான் வழி.

நிறுத்தும் தருணத்தைத் தூரமாக முன்கூட்டியே எழுதிவையுங்கள். 500 பேரையும் கட்டடத்துக்குள் கொண்டுபோக 15 நிமிடம் ஆகும் என்றால், 54 கி.மீ. வேகத்தில் வரும் மேகம் அதற்குள் 13 கி.மீ.க்கு மேல் நெருங்கிவிடும். மின்னலுக்கு 10 கி.மீ., படத்தின் தாமதத்துக்கும் காற்று முந்துவதற்கும் இன்னொரு 10 கி.மீ. சேருங்கள். ஆக மேகம் 35 கி.மீ. தூரத்தில் இருக்கும்போதே வெளியேற்றத் தொடங்க வேண்டும். வானம் வெளிச்சமாக இருக்கும், கூட்டம் முணுமுணுக்கும். முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அவர் மேடையிலோ வரவேற்பிலோ வேறு பொறுப்பு ஏற்கக் கூடாது.

கேள்வி: வீட்டையொட்டி ஒரு பெரிய மரம். பாதியாக வெட்டிவிடலாமா?

பதில்: மொட்டையடிக்க வேண்டாம். வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கும், புதிதாகத் துளிர்க்கும் கிளைகள் மேல்தோலோடு மட்டும் ஒட்டி நின்று சில ஆண்டில் எளிதாக முறியும். ஆபத்தைக் காட்டுபவை: அடிமரத்தில் காளான் அடுக்கு, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணில் வெடிப்பு, ஒரே உயரத்தில் இரண்டாகப் பிரிந்து நடுவே பட்டை உள்ளே மடிந்த கவை, குழாய்க்காகவோ சுவருக்காகவோ ஒரு பக்கம் வேர் வெட்டப்பட்டிருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மரம் அறிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். மற்றபடி காய்ந்த கிளைகளை நீக்கினால் போதும். பச்சைக் கிளைகளில் ஒரே முறையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

கேள்வி: எச்சரிக்கை வந்துவிட்டது, இருப்பது 20 நிமிடம். எதை முதலில் செய்வது?

பதில்: வெளியே இருப்பவர்களை, முதலில் குழந்தைகளையும் முதியவர்களையும், உள்ளே அழையுங்கள். பிறகு நாற்காலி, பூந்தொட்டி, மொட்டைமாடிப் பொருள்களை உள்ளே எடுங்கள். வாகனத்தை மரத்துக்கும் விளம்பரப் பலகைக்கும் அப்பால் நிறுத்துங்கள். இடி நெருங்குமுன் பிளக்குகளைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஜன்னல் இல்லாத உள்ளறையில், தரைத்தளத்தில் இருங்கள்.

மாடியிலுள்ள பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் இந்த 20 நிமிடத்துக்கு விடாதீர்கள். நிரம்பிய 1,000 லிட்டர் தொட்டி ஒரு டன் எடை, அசையாது. காலியானது பறக்கும். நிரப்ப நேரம் பிடிக்கும், அதற்குள் மின்சாரம் போகலாம். அன்று காலை அறிவிப்பில் இடிமழை இருந்தாலே நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: காற்று ஓய்ந்த பிறகு?

பதில்: அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து 10 மீட்டர் விலகி நில்லுங்கள். உயிரற்றதுபோலக் கிடக்கும் கம்பியில் எந்நேரமும் மின்சாரம் திரும்பலாம். ஈரத்தரையிலும் கம்பிவேலியிலும்கூட அது பரவியிருக்கும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ ஓட்டாதீர்கள். ஜன்னலிலிருந்து 6 மீட்டர் தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்த்திசையில் போகும்படி வையுங்கள். அதன் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. சுவர்ப் பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகி வீட்டு வயரிங்குக்கு மின்சாரம் கொடுத்தால் அது தெருக் கம்பிக்கு ஏறி, அங்கே பழுது பார்க்கும் ஊழியரைக் கொல்லும். மின்னிணைப்பை மாற்றும் சுவிட்சு பொருத்தியிருக்காவிட்டால், வேண்டிய கருவிகளைத் தனி வயரில் நேராக ஜெனரேட்டரோடு இணையுங்கள்.

முதல் காற்று விட்டுச்சென்ற குளிர்முகப்பு, அருகிலேயே அடுத்த மேகத்தைத் தூக்கிவிடலாம். கிளைகளை அப்புறப்படுத்தத் தொடங்குமுன் ரேடார் படத்தை இன்னொரு முறை பாருங்கள்.